நின்று உடைந்த எலும்பு

அம்மனை நம்பி விளக்கேற்றுகிற எல்லாருக்கும் என் வணக்கம். என் பெயர் சுமதி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பம் எங்களுடையது. போன வருஷம் ஆடி மாதம் என் கணவர் ஏகாம்பரத்தின் தொடை எலும்பு முறிந்தது. ஒரு எலும்பு முறிவுக்கெல்லாம் சாட்சி எழுத வந்துவிட்டாளே என்று நீங்கள் நினைக்கலாம். வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அந்த எலும்பு அவர் உயிரையே கேட்டது. அதைவிட, அது முறிந்தது அவர் அம்மனைத் தோளில் சுமந்துகொண்டிருந்தபோது. அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

எங்கள் தெருவில் பொன்னியம்மன் கோயில் இருக்கிறது. ஆடியில் காப்புக் கட்டி, அம்மன் வீதியுலா வந்து, கடைசியில் கூழ் வார்த்துத் திருவிழா முடியும். பல்லக்குத் தூக்குகிறவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்த காப்புக் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டிக்கொண்டவர், திருவிழா முடிந்து பூசாரி அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சென்னைக்குச் சேலை கொண்டுபோகிறவர்கள்கூட அந்த நாட்களில் போக மாட்டார்கள். என் கணவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தூக்குகிறவர். தோளில் காய்ப்பு ஏறிக் கறுத்திருக்கும். நான் கேலி செய்தால், "அது அம்மன் உக்காந்த எடம், வாயை மூடு" என்பார்.

அன்று வெள்ளிக்கிழமை. வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருமுனையில் சாக்கடைக் குழாய்க்குப் பள்ளம் தோண்டி மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். மதியம் பெய்த மழையில் அந்த மண் ஊறிப் போயிருந்தது. முன்பக்கத் தண்டில் அவர் இருந்தார். முனையில் பல்லக்கைத் திருப்பும்போது அவர் வலது கால் அந்தச் சேற்றுக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. மேலே பல்லக்கு திரும்பிக்கொண்டே இருந்தது. நான் முனைக்கு அருகில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தேன். பச்சை மூங்கில் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்து, அம்மன் மேலிருந்த மாலை ஒன்று கீழே விழுந்தது. பிறகுதான் அவர் அலறினார்.

அம்மனை நடுத்தெருவில் இறக்கி வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. அதனால் யாரோ ஒருவர் ஓடிவந்து அந்தத் தண்டுக்குத் தோள் கொடுத்தார். இரண்டு பேர் என் கணவரை ஓரமாக இழுத்துப் போட்டார்கள். ஊர்வலம் நகர்ந்தது. மேளம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தேன். தொடை நடுவில் வளைந்து, பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. "உன்னைத் தூக்கினவன் இங்க கெடக்கிறான். நீ பாட்டுக்குப் போறியே" என்று கத்தினேன். எனக்கு எப்போதும் வாய் நீளம். சாமி என்றும் பார்க்க மாட்டேன்.

பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படம் எடுத்துப் பார்த்தார்கள். தொடை எலும்பு முறுக்கிக்கொண்டு உடைந்திருக்கிறது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பி குத்தி, கட்டில் ஓரத்தில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். அங்கிருந்த இளவயது டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்த எலும்புக்குள்ள நீளமா கம்பி எறக்கி, மேலயும் கீழயும் ஸ்க்ரூ போட்டு நிறுத்தணும்மா. தள்ளிப் போடக்கூடாது. உள்ள இருக்கிற கொழுப்பு ரத்தத்துல கலந்து நெஞ்சுக்குப் போச்சுன்னா மூச்சுக்கே ஆபத்து. இங்க அந்த வசதி இல்ல. இப்பவே சென்னைக்குக் கூட்டிக்கினு போங்க."

நான் உள்ளே போய்ச் சொன்னேன். அவர் கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினார்.

"கூழ் ஊத்தி முடியட்டும். எல்லை தாண்ட மாட்டேன்."

"உயிரு போனாலுமா?"

"போனாலும்தான்."

நான் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் அசையவில்லை. என் நாத்தனார், அவருடைய அக்கா கஸ்தூரி, தம்பி பக்கம் நின்றார். போதாக்குறைக்குத் தெருவில் பேசிக்கொள்வதையும் அங்கேயே கொண்டுவந்து கொட்டினார். "ஏகாம்பரம் அம்மனைச் சாய்ச்சுட்டான், அதான் அம்மனே அங்கியே அவன் காலை ஒடைச்சுட்டாள்னு பேசிக்கினு இருக்காங்கம்மா. மாலை வேற கீழ வுழுந்துடுச்சாம்." அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியே, "ஒரு தப்பு நடந்துபோச்சு. இன்னொண்ணும் பண்ணச் சொல்றியா?" என்றார். வலியைவிட அந்தத் தெருப் பேச்சுதான் அவரை அந்தக் கட்டிலில் கட்டிப்போட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். நெஞ்சு வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மார்பிலும் அக்குளிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். வேர்க்குரு என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. "என்னங்க" என்றேன். என்னைப் பார்த்தார். ஆனால் அந்தப் பார்வையில் நான் இல்லை. திடீரென்று, "தோள் மாத்து! தோள் மாத்து!" என்று கத்த ஆரம்பித்தார். பல்லக்குத் தூக்குகிறவர்கள் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றும்போது கொடுக்கிற குரல் அது. எடை கட்டிய காலோடு எழுந்திருக்கப் பார்த்தார். நான் பிடித்தேன். "யார் நீ? வழியை வுடும்மா, சாமி வருது" என்று என்னைத் தள்ளினார்.

இத்தனை வருஷம் ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்த மனுஷர். என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்டார்.

டாக்டரம்மா ஓடிவந்து பார்த்தார். பயந்தது நடந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். இந்த நிலைமையில் வழியிலும் எதுவும் நடக்கலாம், இங்கே இருந்தால் கட்டாயம் நடக்கும் என்றார். அப்போதும் கஸ்தூரி அண்ணி தம்பியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். "காப்பை அவுக்காம எப்படிம்மா எல்லை தாண்டுறது? அவுக்கறதுன்னாலும் பூசாரிதான் அவுக்கணும். தெருவுக்கே ஆவாதும்மா." அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிறந்ததிலிருந்து அப்படியே வளர்ந்தவர். தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவர். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

நான் ஆஸ்பத்திரி பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். கஞ்சிப் பாத்திரம் கையில் இருந்தது. அதைக் கழுவிக்கொண்டே பேசினேன். அதை வேண்டுதல் என்று சொல்வதா, சண்டை என்று சொல்வதா, தெரியவில்லை.

"அம்மா, நீ ஊர்வலம் போக அவர் தோள் குடுத்தாரு. அவருக்கு யார் தோள் குடுக்கிறது? கால் வேணாம். தறி வேணாம். அவரு என்னைப் பாத்து என் பேரைச் சொல்லணும். அது போதும். உனக்குக் கோவம்னா என் மேல காட்டு. நான்தான் வாய் நீளம். அதுவும் முடியாதுன்னா எங்க வூட்டு வெளக்கை நீயே வந்து அணைச்சுட்டுப் போ."

சொல்லிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதேன். பாத்திரத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

இறங்கியவர் வேலு அண்ணன். அவர்தான் எங்கள் கோயில் பூசாரி. மற்ற நாட்களில் ஆட்டோ ஓட்டுகிறவர், என் கணவரின் சிறுவயதுக் கூட்டாளி. அன்று கூழ் வார்க்கிற நாள். கூழ் காய்ச்சுகிற இடத்தை விட்டு அவர் நகரவே கூடாது. மஞ்சள் வேட்டியும் வெற்று மார்புமாக வந்து நின்றார். நான் அவருக்குப் போன் பண்ணவில்லை. யாரும் பண்ணவில்லை, பிறகு எல்லாரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அடுப்பு மூட்டப் போனபோது மனசு நிலைகொள்ளவில்லை, ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன் என்றார். படிக்கிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மனைக் கூப்பிட்டேன், ஆள் அனுப்பினாள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

உள்ளே வந்து கூட்டாளியைப் பார்த்தார். தலைமாட்டிலேயே நின்றுவிட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "காப்பை அவுத்து வுடுங்கண்ணா" என்றேன்.

"அவுக்க மாட்டேன்" என்றார்.

நான் கும்பிட்ட கையை இறக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவுத்தா அம்மனை இங்கியே வுட்டுட்டுப் போற மாதிரிம்மா. இந்த நேரத்துலயா வுட்டுட்டுப் போவான்? கட்டிக்கினே போகட்டும். நானும் வரேன். கேக்கறவன் என்னைக் கேக்கட்டும்."

அவர் கையிலும் காப்பு இருந்தது. அதோடு ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்தார். கஸ்தூரி அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் எல்லையில் இருக்கிற வெள்ளைகேட்டைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேலு அண்ணன் ஒரு கையால் என் கணவரின் தலையைப் பிடித்துக்கொண்டு அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். "தோள் மாத்து" என்று அவர் முனகும்போதெல்லாம், "மாத்தியாச்சுடா, நீ சும்மா இரு" என்று பதில் சொன்னார்.

சென்னையில் அவரை அப்படியே தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் நர்ஸம்மா கத்திரிக்கோலோடு வந்தார். கையில் ஊசிக் குழாய் போட வேண்டும், எந்தக் கயிறும் இருக்கக் கூடாது என்றார். வேலு அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "வெட்டுங்க" என்றேன். வெட்டியதைக் கையில் வாங்கினேன். மஞ்சளும் சேறும் வேர்வையும் சேர்ந்து கறுத்துப் போயிருந்தது. அதை என் மணிக்கட்டில் வைத்து, வேலு அண்ணன் கையாலேயே கட்டச் சொன்னேன். எங்கள் கோயிலில் பெண்கள் காப்புக் கட்டுவதில்லை. அவர் மறுக்காமல் கட்டிவிட்டு, தெருவுக்குக் கூழ் வார்க்க வேண்டுமே என்று பஸ் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி என்ன எழுதுவது? வாயில் குழாய் வைத்து இயந்திரம் மூச்சு விட்டது. நான் வராண்டாவில் துண்டை விரித்துக் கிடந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் தன் மகனைப் பறிகொடுத்து அழுதுகொண்டே போனாள். அவளும் கும்பிட்டவள்தான். அவள் கையிலும் ஏதோ ஒரு கோயில் கயிறு இருந்தது. எனக்குக் கிடைத்தது அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அம்மனைக் கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. அதையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரு காலையில் நர்ஸம்மா கூப்பிட்டார். குழாயை எடுத்துவிட்டு முகமூடி மட்டும் வைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. கிட்டே போய் நின்றேன். பேசப் பயமாக இருந்தது. முகமூடிக்குள் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"சுமதி" என்றார்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து அவர் கேட்டது என்ன தெரியுமா? "அம்மன் கீழ வுழுந்துட்டாளா?"

விழவில்லை, வேறு ஆள் தோள் கொடுத்துவிட்டார், ஊர்வலம் நல்லபடி முடிந்தது என்றேன். அவர் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாய் என்று கண்ணை மூடிக்கொண்டார். உயிர் வந்துவிட்டது, ஆனால் ஆள் வரவில்லை. சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்வார். ஊர்ப் பேச்சு எடுத்தால் சுவரைப் பார்ப்பார். அம்மனைச் சாய்த்தவன் என்ற சொல் அந்த இயந்திர மூச்சையும் தாண்டி அவருக்குள் இருந்தது.

நெஞ்சு தெளிந்த பிறகுதான் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் எலும்பு டாக்டர் படத்தோடு வந்தார். நடுவயது, சிரித்த முகம். கஸ்தூரி அண்ணியும் அன்று வந்திருந்தார். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஜரிகை நூலை முறுக்கின மாதிரி, எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு கோடு இறங்கியிருந்தது. இடுப்புப் பக்கம் சின்னதாகக் கிழித்து, எலும்பின் நடுவில் கம்பியை இறக்கி, இரண்டு முனையிலும் திருகாணி போடுவோம் என்று விளக்கினார். என் கணவர் அதையெல்லாம் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"டாக்டர், நான் வுழுந்ததால ஒடைஞ்சுதா, ஒடைஞ்சதால வுழுந்தேனா?"

டாக்டர் படத்தைக் கீழே இறக்கினார். என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன்: பள்ளம், சேறு, பல்லக்கு திரும்பியது, எல்லாம். அவர் விரலால் அந்தக் கோட்டைத் தடவிக் காட்டினார்.

"இதோ பாருப்பா, சுத்திக்கினு வருதுல்ல? கால் கீழ மாட்டிக்கிச்சு. மேல பாரம் திரும்புது. பாரத்தை வுட்டிருந்தா நீ சேத்துல வுழுந்திருப்ப, இந்த மாதிரி முறுக்கிக்கினு ஒடைஞ்சிருக்காது. நீ வுடல. தாங்கிக்கினு நின்ன. இது வுழுந்து ஒடைஞ்ச எலும்பு இல்ல. நின்னு ஒடைஞ்ச எலும்பு."

"இன்னொரு தபா சொல்லுங்க டாக்டர்" என்றார் என் கணவர்.

டாக்டர் இன்னொரு தடவை சொன்னார். என் கணவர் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதார். எலும்பு உடைந்தபோதுகூட அப்படி அழவில்லை. நான் அம்மனிடம் இதைக் கேட்கவே இல்லை. கேட்கத் தெரிந்திருந்தால்தானே கேட்பேன்? பெயர் சொன்னால் போதும் என்றுதான் கேட்டேன். அவள் அவர் மானத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். தெருப் பேச்சைக் கொண்டுவந்த அதே கஸ்தூரி அண்ணி, அன்று ஊருக்குத் திரும்பி வீடு வீடாகப் போய், "நின்னு ஒடைஞ்ச எலும்பாம், டாக்டரே சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வாய்க்கும் அம்மன் ஒரு வேலை வைத்திருந்தாள். காப்போடு எல்லை தாண்டிய வேலு அண்ணனைப் பெரியவர்கள் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள். "அவ இல்லாத எடத்துக்கா போயிட்டேன்?" என்றாராம். பெரியவர்கள் அதோடு எழுந்துவிட்டார்களாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு வந்தபோது தெருவே வாசலில் நின்றது. ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் அது பொய். தள்ளுவண்டி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்தார். எலும்பு ஒன்றுசேர மாதக்கணக்கில் ஆனது. இப்போதும் அந்தப் பாதம் சற்று வெளிப்பக்கம் திரும்பித்தான் இருக்கிறது. தடி வேண்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்க முடியவில்லை. அதனால் இப்போது நான் குழியில் உட்கார்ந்து மிதிக்கிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு ஊடை ஓட்டுகிற நாடாவைத் தள்ளுகிறார். முன்பு நான் இருந்த இடம் அது. பல்லக்கு இனி தூக்கவே முடியாது. தோளில் இருந்த காய்ப்பு உதிர்ந்து தோல் வெளுத்துக்கொண்டே வருகிறது. குளிக்கும்போது அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். நான் பார்க்காத மாதிரி முதுகைத் தேய்த்துவிடுகிறேன்.

நானும் மாறிவிட்டேன். வாய் குறையவில்லை, அது கட்டையோடுதான் போகும். ஆனால் எங்கள் பக்கத்தில் யாராவது எலும்பு முறிந்து கிடக்கிறார்கள் என்று கேட்டால், நெய்துகொண்டிருக்கிற சேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். நல்ல நேரம் பார்க்கிறேன், விரதம் இருக்கிறேன், வேண்டுதல் முடியட்டும் என்று யாராவது காத்திருந்தால் சண்டை போட்டாவது வண்டியில் ஏற்றுகிறேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்ல வந்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு நாள் அப்படி விடியலாம். அப்போது அம்மனைக் கூப்பிடுங்கள். திட்டியாவது கூப்பிடுங்கள், அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் அவள் கோயிலில்தான் இருக்கிறாள், எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறாள் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். ஆம்புலன்ஸில் இடம் கொடுங்கள், அவளும் ஏறிக்கொள்வாள். என்னோடு வந்தாள்.

இந்த வருஷமும் ஆடி வந்தது. மேளச் சத்தம் கேட்டதும் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பார்க்கத் தாங்காது, நீ போய் ஆரத்தி காட்டு என்றார். நான் வாசலில் நின்றேன். பல்லக்கு எங்கள் வீட்டுக்கு நேரே வந்து நின்றது. தூக்கினவர்கள் நகரவில்லை. வேலு அண்ணன் குரல் கொடுக்கவில்லை, மேளத்தையும் கை காட்டி நிறுத்திவிட்டார். தெருவே காத்திருந்தது. கடைசியில் கதவு திறந்தது. தடியை ஊன்றி, அந்தத் திரும்பிய காலை இழுத்து இழுத்து வந்து என் பக்கத்தில் நின்றார். நிமிர்ந்து பார்த்தார். கும்பிடக்கூட மறந்து, பார்த்துக்கொண்டே நின்றார். பல்லக்கின் அடியில் இருப்பவன் கண்ணுக்குத் தெரு மட்டும்தான் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இத்தினி வருஷம் தூக்கிக்கினு இருந்தேன் சுமதி" என்றார். "அவ மூஞ்சை இன்னிக்குத்தான் பாக்கறேன்."